ஒப்பீட்டு ஆள்

செபராங் ஜெயா மருத்துவமனை, ஆறாவது வார்டு.
என் கையில் பதினான்கு பக்கப் படிவம், இரண்டு பேனா.
ஒன்று எழுதாது.

படுக்கை பதினொன்றில் மாசிலாமணி.
ஐம்பத்து மூன்று வயது.
பிறை வார்ப்பாலையில் இருபத்தாறு வருடம்
மணல் அச்சு உடைத்தவர்.
மூச்சை எண்ணித்தான் செலவழிக்கிறார்,
சம்பளத்துக்கு முந்தைய வாரத்துக் காசைப் போல.
பக்கத்தில் இருந்த பெண்மணி
நாற்காலியை எனக்கு விட்டுவிட்டு
வெளியே போய் நின்றுகொண்டார்.

சிகரெட்?
"விட்டுட்டேன்."
எப்போது?
"இங்க வந்து படுத்தப்புறம்."
சீனி?
"தேத்தண்ணியில ரெண்டு கரண்டி.
ரத்தத்துல எவ்வளவுன்னு நீங்கதான் சொல்லணும்."
சிரிப்பு இருமலானது. இருமல் நிற்கவில்லை.
நர்ஸ் நோர்லியா ஓடி வந்து திரையை இழுத்தாள்.
ஒன்பதாம் பக்கத்தோடு அன்று எழுந்துவிட்டேன்.

ஒரு நோயாளிக்கு நலமாயிருக்கும் ஒருவர்,
அதே ஆலை, அதே வயது, அதே வருடங்கள்:
ஆய்வின் விதி அது.
கல்யாணத் தரகர் மாதிரி
வருகைப் பதிவேட்டைப் புரட்டி
பத்துக்கு எட்டுப் பொருத்தத்தோடு
நான் கண்டுபிடித்தவர் குணாளன்.

கேன்டீனில், நாசி லெமாக் பொட்டலத்துக்கு எதிரே,
"நீங்கள் ஒப்பீட்டு ஆள்" என்றேன்.
"அப்படின்னா நான் நல்லவனா?"
"நல்லா இருக்கிறவர்."
அதுவே போதும் என்பதுபோல் தலையாட்டினார்.

முகக்கவசம்?
"வாரத்துக்கு ஒண்ணு தர்றாங்க.
புதன்கிழமை கறுத்துப்போகும்.
வியாழன் திருப்பிப் போட்டுக்குவேன்."
இருந்த கட்டங்கள் மூன்று.
'எப்போதும் அணிகிறார்' என்பதில் குறித்தேன்.
ஓவர்டைம்?
"பையன் பாலிடெக்னிக்ல சேர்ந்ததுல இருந்து
ஞாயித்துக்கிழமைன்னு ஒண்ணு இல்ல."
கேள்வி முப்பத்தொன்று, பத்தாம் பக்கம்:
வீட்டில் தூசு உண்டா?
"வீட்டுலயா! எங்க தவமணி வச்சிருக்கிற சுத்தத்துக்கு
தரையில சோத்தக் கொட்டிச் சாப்பிடலாம்."
இல்லை என்று குறித்தேன்.
பேனா நன்றாக எழுதியது.

ஆறு மாதம் கழித்து
ரத்த அழுத்தம் பார்க்க வீட்டுக்கே போனேன்.
மாக் மண்டின் அடுக்குமாடி, ஐந்தாவது மாடி.
மின்தூக்கி பழுது.
மூன்றாம் மாடியில் நானே நின்று மூச்சு வாங்கினேன்,
மேலே எங்கோ யாரோ இருமுவதைக் கேட்டபடி.

நடைபாதைக் கம்பி ஓரம் தவமணி.
கையில் குணாளனின் நீலச் சட்டை.
பக்கத்து வீட்டுத் துணிமேல் படாமல்
காற்றுப் பக்கம் பார்த்து ஓங்கி உதறினார்.
சாயங்கால வெயிலில்
சாம்பல் நிறத்தில் இன்னொரு சட்டை
ஒரு கணம் அந்தரத்தில் நின்று கலைந்தது.
"இப்படி உதறலேன்னா மெஷின் அடைச்சுக்கும்,"
சொல்லி முடிக்குமுன் இருமினார்.
கிளினிக்கில் அலர்ஜி என்றார்களாம்.
எத்தனை வருஷமா, என்று கேட்டேன்.
"கல்யாணம் ஆன மறுவாரத்துல இருந்து
நான்தான் துவைக்கிறேன்."
நான் கேட்டது இருமலை.

உள்ளே குணாளனுக்கு நூற்று இருபதுக்கு எண்பது.
எழுதிக்கொண்டேன்.

டாக்டர் ஓய் பொறுமையாகத்தான் சொன்னார்:
அந்த அம்மா நோயாளியும் இல்லை,
தொழிலாளியும் இல்லை;
அடுத்த ஆய்வில் பார்க்கலாம்.

திருத்துவதற்கும் விதி உண்டு.
ஒற்றைக் கோடு, தேதி, சுருக்கொப்பம்.
அடித்தது கீழே தெரிய வேண்டும்.
குணாளனின் முப்பத்தொன்றில் அப்படியே செய்தேன்.

மாசிலாமணியின் படிவத்தையும் எடுத்தேன்.
பத்தாம் பக்கம் வெள்ளையாக இருக்கிறது.
படுக்கை பதினொன்றில் இப்போது வேறு யாரோ.
அவர் சட்டையை
யார் துவைத்தார்கள் என்று கேட்க வேண்டும்.
அந்த நாற்காலி நினைவிருக்கிறது,
நீலப் பிளாஸ்டிக், ஒரு கால் சற்று ஆடும்.
எழுந்து எனக்கு இடம் விட்டவரின்
முகம்தான்
எவ்வளவு யோசித்தும் வரவில்லை.